இணைவுற்ற லினோலெயிக் அமிலமும் விலங்குகளின் உடற்கொழுப்பும்

இணைவுற்ற லினோலெயிக் அமிலம் என்பது 18 கரிம அணுக்களைக் கொண்ட லினோலெயிக் அமிலத்தின் மாற்றியங்கள் பலவற்றைக் குறிக்கும் பொதுப்பெயர் ஆகும். சாதாரண லினோலெயிக் அமிலத்தின் இரு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே இரண்டு ஒற்றைப் பிணைப்புகள் உண்டு. இதில் ஒன்று மட்டுமே உண்டு. அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் இதனை உருவாக்குவதால் பால், வெண்ணெய், நெய், மாட்டிறைச்சி ஆகியவற்றில் இது சிறிதளவு காணப்படுகிறது.

இயற்கையில் மிகுதியாகக் கிடைப்பது சிஸ்-9, டிரான்ஸ்-11 மாற்றியம். குசும்பா எண்ணெயிலிருந்து செய்யப்படும் துணை உணவிலோ அதனுடன் டிரான்ஸ்-10, சிஸ்-12 மாற்றியமும் ஏறத்தாழச் சம அளவில் கலந்திருக்கும். இவ்வேறுபாடு முக்கியமானது. ஏனெனில், உடற்கொழுப்பைக் குறைப்பது பெரும்பாலும் இரண்டாவது மாற்றியமே. எனவே நெய் உண்பதால் உடல் மெலியும் என்று இவ்வாய்வுகளிலிருந்து முடிவு செய்ய இயலாது.

சுண்டெலிகளில் விளைவு

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பரிசா குழுவினர், வறுத்த மாட்டிறைச்சியில் புற்றுநோயைத் தடுக்கும் பொருளாக இவ்வமிலத்தை 1987 ஆம் ஆண்டு இனங்கண்டனர். அதே பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்து 1997 இல் வெளியான ஆய்வில், உணவில் 0.5% அளவு இதனைச் சேர்த்துண்ட சுண்டெலிகளின் உடற்கொழுப்பு, சேர்க்காதவற்றை விட ஆண்களில் 57%, பெண்களில் 60% குறைவாக இருந்தது. கொழுப்பற்ற உடல் எடையின் விழுக்காடு உயர்ந்திருந்தது.

இரத்தத்திலுள்ள கொழுப்பைக் கொழுப்புச் செல்களுக்குள் சேர்க்க உதவும் லிப்போபுரோட்டீன் லைப்பேசு நொதியின் செயற்பாட்டை டிரான்ஸ்-10, சிஸ்-12 மாற்றியம் தணிக்கிறது. கொழுப்புச் செல்கள் சில இறந்தும் போகின்றன. ஆனால் சேமிப்பிடம் குறைந்தால் கொழுப்பு வேறிடம் தேடும் அல்லவா? சுண்டெலிகளில் அது கல்லீரலில் படிந்தது. கல்லீரல் வீங்கியது, இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்கவில்லை. 2000 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில் லெப்டின் இயக்குநீரைச் செலுத்தியபோது இரத்தத்தில் மிகுந்திருந்த இன்சுலின் அளவு சீரானது. மெலிந்த எலி நலமான எலி என்று கொள்ள முடியாது என்பதற்கு இது தக்க சான்று.

பிற விலங்குகளில்

பெரிய எலிகளில் இவ்விளைவு மிகக் குறைவு. பன்றிகளில் முதுகுக் கொழுப்பு ஓரளவு குறைகிறது. வயிற்றுக் கொழுப்பு உறுதியாவதால் இறைச்சித் தொழிலினர் இதனை விரும்புவர். கறவை மாடுகளில் விளைவு பாலில் தெரிகிறது. டிரான்ஸ்-10, சிஸ்-12 மாற்றியத்தை நாளொன்றுக்கு 10 கிராம் வீதம் நான்கு நாட்கள் நான்காம் இரைப்பைக்குள் நேரடியாகச் செலுத்தியபோது பாலிலுள்ள கொழுப்பின் விழுக்காடு முன்பிருந்ததை விட 42% குறைந்தது. கோழிகளுக்குக் கொடுத்தால், குளிரில் வைத்த முட்டையின் மஞ்சள் கரு கெட்டியாகிக் குஞ்சு பொரிப்பது தடைப்படும். தீவனத்தில் ஆலிவ் எண்ணெயும் சேர்த்தால் இத்தீங்கு நீங்குகிறது.

மனிதரில் பல ஆய்வுகளைத் தொகுத்து 2007 இல் வெளியான பகுப்பாய்வின்படி, நாளொன்றுக்குச் சுமார் 3.2 கிராம் உட்கொண்டோர், போலி மருந்து உட்கொண்டோரை விட வாரத்திற்கு 0.09 கிலோகிராம் கொழுப்பையே கூடுதலாக இழந்தனர்.