தகரக் கூரைக்குக் கீழே ஏன் இவ்வளவு குளிர்?

பாலக்காட்டு மீனாட்சிபுரம் சமவெளி. அங்கே யாரும் ஹீட்டர் தேடுவதில்லை. மூணாறோ சுமார் 1,500 மீட்டர் உயரம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 டிகிரி இறங்கும். ஜனவரியில் தேயிலைத் தோட்டங்களில் உறைபனியே விழுகிறது. தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்து வீட்டின் தகரக் கூரையில் விரல் வைத்துப் பாருங்கள்: வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்திருக்கும்! மேகமில்லாத இரவில் அது தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானத்துக்கு அள்ளி வீசுவதுதான் காரணம். அறையின் சூடான காற்று மேலே போய் அந்தத் தகரத்தைத் தொட்டுக் குளிர்ந்து, நம் தலையிலேயே இறங்குகிறது.

ஆகவே முதல் செலவு ஹீட்டருக்கு அல்ல, கூரைக்கு. தெர்மோகோல் பலகையால் உள்கூரை அடித்தால், அதில் சிறைப்பட்ட காற்று வெப்பத்தைத் தடுத்துவிடும். (அடுப்புப் பக்கம் வேண்டாம், தீப்பிடிக்கும்.) கதவிடுக்கில் பழந்துணி போதும்.

1,000 வாட் ஹீட்டர் எட்டு மணி நேரம் ஓடினால் எட்டு யூனிட். விலை உயர்ந்த ஹீட்டரும் ஒரு யூனிட்டுக்கு அதே வெப்பத்தைத்தான் தரும், விளம்பரத்தை நம்பாதீர்கள். அறையை விட்டுவிட்டு ஆளைச் சூடாக்குவதே மலிவு. ஒரு லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்குதான் ஆகும். அதை ரப்பர் பையில் ஊற்றிக் கம்பளிக்குள் வையுங்கள்.

மூடிய அறையில் கரிச்சட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.