வலியசாலை அவியலும் ராக் அவியலும்

கூட்டு வேறு, அவியல் வேறு. வலியசாலை அக்கிரகாரத்துச் சமையற்கட்டுகளில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூட்டில் காய் பருப்போடு குழைந்து ஒன்றாகிவிடும். அவியலிலோ முருங்கை முருங்கையாகவே இருக்கும். சேனை சேனையாகவே இருக்கும். தேங்காய், பச்சை மிளகாய், சீரகம் அரைத்த விழுதும், இறக்கும்போது விடும் பச்சைத் தேங்காய் எண்ணெயும்தான் அவற்றை உறவாக்கி இலைக்கு அனுப்புகின்றன.

இந்தப் பெயரையே சூட்டிக்கொண்டு 2003-ஆம் ஆண்டில் இதே திருவனந்தபுரத்தில் ஓர் இசைக்குழு பிறந்தது. மின்சாரக் கிதாரும் டிரம்ஸும் முழங்கும் ராக் குழுவுக்கு "அவியல்" என்று பெயர்! சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுதும் தகப்பனார் காதைப் பொத்திக்கொள்ள, கல்லூரிக்குப் போகும் மகன் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிற ரகம். ஆனால் விஷயம் அவ்வளவு எளிதல்ல.

வெவ்வேறு குழுக்களில் ஏற்கெனவே பெயரெடுத்தவர்கள் கூடி அமைக்கும் குழுவை மேனாட்டில் "சூப்பர் குரூப்" என்பார்கள். அமெரிக்காவில் 2001-இல் அமைந்த "ஆடியோஸ்லேவ்" அப்படிப்பட்டது. "ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின்" குழுவின் மூவரோடு "சவுண்ட்கார்டன்" குழுவின் பாடகர் கிறிஸ் கார்னல் சேர்ந்தார். 2006 செப்டம்பரில் வந்த அவர்களுடைய மூன்றாவது ஆல்பம் "ரெவலேஷன்ஸ்". கனத்த கிதார் ஒலியோடு கறுப்பின மக்களின் "ஃபங்க்", "சோல்" இசைகளை அதில் கலந்தார்கள்.

இச்சொற்களைக் கண்டு மலைக்க வேண்டாம். கிதாரில் ஒரு சிறு சங்கதியைத் திரும்பத் திரும்ப அடித்து மண்டையில் ஏற்றுவது "ரிஃப்". ஆவர்த்தத்தின் முதல் தட்டிலேயே முழு எடையையும் போட்டு, மிச்சத்தைக் குலுக்கலாக விட்டுவிடுவது ஃபங்க். 1960-களில் ஜேம்ஸ் பிரவுன் வளர்த்த வித்தை அது. சோல் என்பது கறுப்பின மக்கள் மாதாகோவிலில் உருகிப் பாடிய பக்திப் பாட்டு, தெருவுக்கும் காதலுக்கும் இறங்கி வந்த வடிவம். நையாண்டி மேளத்துக்குத் தலையாட்டியவர்களுக்கு முன்னது புரியும். பஜனை மடத்தில் கண்ணீர் விட்டவர்களுக்குப் பின்னது புரியும்.

அந்த ஆல்பத்தில் "வைடு அவேக்" என்றொரு பாட்டு. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, அங்கிருந்த ஏழைக் கறுப்பின மக்களை அரசு கைவிட்டதைக் கண்டு எழுந்த ஆத்திரம் அது. யாருடைய இசையைக் கடன் வாங்கினார்களோ, அவர்களுடைய துக்கத்தையும் சேர்த்துத் தூக்கினார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த ஆல்பத்தை மதிக்கலாம். ஆனால் 2007 பிப்ரவரியில் கார்னல் விலகிவிட்டார், குழுவும் கலைந்தது. 2017-இல் அவர் காலமானார்.

நம்மூர் அவியலுக்கு வருவோம். அதுவும் ஒரு வகையில் சூப்பர் குரூப்தான். கிதார் வாசித்த ரெக்ஸ் விஜயன் "மதர்ஜேன்" குழுவில் இருந்தவர். பேஸ் கிதாருக்கு வந்த நரேஷ் காமத், கைலாஷ் கேரின் "கைலாசா" குழுக்காரர். டிரம்ஸுக்கு மிதுன் புத்தன்வீட்டில். பாடியவர் டோனி ஜான்; இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்து ஒலியெழுப்பும் வேலையும் அவருடையதே. (ஆடியோஸ்லேவின் டாம் மொரெல்லோ இதே கீறல் ஒலியைக் கிதாரிலேயே எழுப்பிக் காட்டியவர்!)

அதுவரை கேரளத்தில் ராக் என்றால் பெரும்பாலும் ஆங்கிலம். கொச்சியின் "13 ஏ.டி."யும், பின்னால் வந்த மதர்ஜேனும் ஆங்கிலத்தில்தான் பாடின. சட்டையும் இரவல், நாக்கும் இரவல். அவியல் நாக்கை மீட்டது. "நட நட" தொலைக்காட்சி வழியே பரவியபோது, சுத்தமான மலையாளத்தில் உறுமும் ராக் பாட்டை இளைஞர்கள் முதன்முறையாகத் தெருவில் முணுமுணுத்தார்கள். 2008-இல் குழுவின் பெயரிலேயே ஆல்பம் வந்தது. எட்டுப் பாட்டுகள், ஒன்றின் பெயரே "எட்டாம் பாட்டு".

அதில் "கறுகற" வயதானவர்களுக்கும் தெரிந்த சரக்கு. காவாலம் நாராயண பணிக்கர் எழுதி, அரவிந்தனின் "கும்மாட்டி" (1979) படத்தில் குழந்தைகளோடு துள்ளிய பாட்டு அது. கிதார் அதை மிதித்துப் போடவில்லை. முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. அமெரிக்கர்களுக்கு சோல் எதுவோ, அது இவர்களுக்கு நாட்டுப்பாட்டு. முருங்கை முருங்கையாகவே இருக்கிறது.

இன்னொன்றின் பெயரைக் கேட்டால் தமிழர் நிமிர்ந்து உட்காருவார்: "ஆடு பாம்பே". பாம்பாட்டிச் சித்தர் பாட்டுக்குப் பாட்டு முடித்த அதே விளி! நாராயண குருவும் தமது குண்டலினிப் பாட்டில் பாம்பை அப்படித்தான் அழைத்தார். குருவுக்கு யோகம் பயிற்றுவித்தவர் வலியசாலையிலிருந்து நடந்து போகும் தூரத்திலுள்ள தைக்காட்டில் வாழ்ந்த அய்யாவு சுவாமிகள். தமிழர், ரெசிடென்சியில் மேற்பார்வையாளர் உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஞானியாகவும் இருந்தவர், 1909-இல் சமாதியடைந்தார். குழுவினர் இதையெல்லாம் எண்ணித்தான் பாடினார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்தச் சொல் இந்த ஊர்க் காற்றில் எப்போதோ கலந்துவிட்டது.

இங்கே ஒரு கேள்வி நம் வீடுகளையும் தொடுகிறது. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளை, நாளைக்கு ஒரு கிதாரைத் தூக்கினால் எந்த மொழியில் வாய் திறப்பான்? தகப்பனாரின் ஊர்த் தமிழை அவன் கிண்டலாக மட்டுமே அறிந்திருந்தால், பாட்டில் போட அவனிடம் காய் ஏது? வில்லுப்பாட்டும் தாலாட்டும் அவன் காதில் விழுந்திருக்க வேண்டுமே!

ரெக்ஸ் விஜயன் பின்னர் "சாப்பா குரிசு" (2011) முதலிய படங்களுக்கு இசையமைக்கப் போனார். "ஆனக்கள்ளன்" என்ற அவியல் பாட்டு அதே 2011-இல் "சால்ட் அண்ட் பெப்பர்" படத்தில் ஒலித்தது. சமையலைச் சுற்றிய கதையில் அவியல், பொருத்தம்தான்.

கேட்க விரும்பும் பெரியவர்கள் "கறுகற"விலிருந்து தொடங்கலாம். "நட நட"வுக்கு அப்புறம் வரலாம். மகனையே போடச் சொல்லுங்கள். கதவைத் திறந்து வைத்து, விளக்கேற்றும் நேரம் கழிந்த பிறகு.