உப்பைத் திரும்பப் பிடித்த திருப்பூர்

2011 ஜனவரி 28. திருப்பூரில் 700-க்கும் அதிகமான சாய, சலவைப் பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. சாயமேற்ற வழியில்லாத பனியன் கம்பெனிகள் துணியை லாரியில் ஏற்றி வெளியூர்களுக்கு அனுப்பின. ஊரின் கதை முடிந்தது என்றே பலரும் பேசினார்கள்.

அந்த உத்தரவுக்கு வழிவகுத்த வழக்குக்குப் பின்னால் நொய்யல் ஆற்றங்கரை விவசாயிகளின் நீண்ட வேதனை இருந்தது. அந்த ஆற்றில் 1992-ல் பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. கிணறுகள் உப்பேறின. வயலுக்கு அந்தத் தண்ணீரே வேண்டாம் என்று விவசாயிகள் சொல்லும் நிலை வந்தது.

சிக்கலின் வேர் சாயத்தின் நிறத்தில் இல்லை, உப்பில் இருக்கிறது. பருத்தி நூலில் சாயம் ஏறிப் பிடிக்க உப்பு அதிகம் தேவை. துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பை எடுத்துக்கொள்ளாது. அத்தனையும் கழிவுநீரோடு வெளியேறும். நிறத்தையும் நாற்றத்தையும் நீக்கும் சாதாரண சுத்திகரிப்பு, கரைந்த உப்பை ஒன்றும் செய்யாது.

அதனால்தான் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறை கட்டாயமானது. தனியாக ஆலை கட்ட முடியாத சிறு பட்டறைகள் கூட்டுச் சேர்ந்து பொது சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துகின்றன. இவற்றுக்காக 2011-ல் தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. குழாய் வழியே வரும் கழிவுநீரை முதலில் நுண்ணுயிர்கள் சுத்தம் செய்கின்றன. பிறகு ஆர்.ஓ. சவ்வுகள் நல்ல தண்ணீரைப் பிரிக்கின்றன. மிஞ்சும் உப்புக் கரைசலை மறுபடி சாயமேற்றவே அனுப்புகிறார்கள், அல்லது ஆவியாக்கி உப்பை எடுக்கிறார்கள். 90 சதவீதத்துக்கும் மேலான தண்ணீர் பட்டறைக்கே திரும்புகிறது. தண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்துக் கிடந்த ஊருக்கு இது சின்ன விஷயமா?

ஆனால் ஆவியாக்கும் வேலைக்கு மின்சாரமும் விறகும் ஏராளமாகச் செலவாகின்றன. எதற்கும் பயன்படாத கலப்பு உப்பு கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடக்கிறது. அதற்கு இன்னும் நல்ல வழி பிறக்கவில்லை. திருட்டுத்தனமாகக் கழிவைத் திறந்துவிடும் பட்டறைகள் பற்றிய புகாரும் ஓயவில்லை.

ஆனாலும் திருப்பூர் விழவில்லை. அதன் பின்னலாடை ஏற்றுமதி ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. சுற்றுச்சூழல் சான்று கேட்கும் ஐரோப்பிய இறக்குமதியாளர்களிடம் காட்ட இன்று அதன் கையில் ஒரு சாதனை இருக்கிறது.

அந்தப் பெருமையின் பலன் கூலிக்குச் சாயமேற்றிக் கொடுக்கும் சிறு பட்டறைக்காரருக்குப் போதுமான அளவில் போய்ச் சேரவில்லை. சுத்திகரிப்புச் செலவு அவர் தலையில் விழுகிறது. பங்களாதேஷ் விலையோடு ஒப்பிட்டு அவர் கூலிதான் பேரம் பேசப்படுகிறது. பசுமை ஆடை என்று முத்திரை குத்தி விற்கும் பிராண்டுகள், நொய்யலைக் காக்கும் செலவில் தங்கள் பங்கைச் சாயக்கூலியிலேயே சேர்த்துக் கொடுக்க வேண்டும்.