ஷாக் அப்சார்பர் வண்டியைத் தாங்குவதில்லை

ஸ்பீடு பிரேக்கர் தாண்டின பிறகும் வண்டி மூணு தடவை தலையாட்டுதா? பிரேக் அடிச்சா மூக்கு கீழே குத்துதா? ஒர்க்‌ஷாப்ல கேட்டா "ஷாக் போச்சு, வண்டி உட்கார்ந்துடுச்சு"ன்னு ஒரே மூச்சில் சொல்லிடுவாங்க. ஆனா அது ரெண்டும் வேற வேற வியாதி. எது வந்திருக்குன்னு தெரியாம பார்ட்ஸ் வாங்கினா காசுதான் தண்டம்.

வண்டியோட எடையைத் தாங்குறது ஸ்ப்ரிங். ஷாக் அப்சார்பரோட வேலை ஆட்டத்தை அடக்குவது மட்டும்தான். உள்ளே இருக்கிற பிஸ்டன் ஆயிலைச் சின்னச் சின்ன வால்வு வழியாகத் தள்ளுது. ஆட்டத்தின் ஆற்றல் சூடாக மாறி வெளியே போகுது. வைப்ரேஷன்ஸ் பேப்பர்ல வர்ற மாஸ்-ஸ்ப்ரிங்-டேம்பர் படத்துல டேம்பரை ரப்பர் வெச்சு அழிச்சுடுங்க. அதுதான் ஷாக் போன வண்டி. டயர் ரோட்டை விட்டுத் துள்ளும். துள்ளுற அந்த நேரத்துல பிரேக்கும் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. அதனால இது சொகுசுப் பிரச்சினை இல்லை.

ஷாக் உடம்புல ஆயில் வழிஞ்சு மண் ஒட்டியிருந்தா சீல் போயிடுச்சுன்னு அர்த்தம். டயர் அங்கங்கே குழி விழுந்து தேய்ஞ்சிருந்தாலும் முதல் சந்தேகம் ஷாக் மேலதான். மூலையைக் கையால அமுக்கி விட்டுப் பார்க்கிற டெஸ்ட் எல்லாருக்கும் தெரியும். அது முழுசா செத்த ஷாக்கைக் காட்டும். பாதி போனதைக் காட்டாது.

ஸ்ப்ரிங் கதை வேற. "ஸ்ப்ரிங் சாஃப்ட் ஆயிடுச்சு"ன்னு சொல்றது சரியில்லை. ஸ்ப்ரிங்கோட விறைப்பைத் தீர்மானிப்பது கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, இரும்போட ஷியர் மாடுலஸ். வயசானா இதுல எதுவும் பெருசா மாறாது. மாறுறது ஸ்ப்ரிங்கோட சும்மா நிக்கிற நீளம். அது நிரந்தரமா குறைஞ்சுடும். அதனால சமதரையில் நிறுத்தி, வீல் நடுவிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து இடது வலது ரெண்டையும் அளங்க. துருப்பிடிச்சு ஒரு சுற்று உடைஞ்சிருக்கான்னும் பாருங்க. சுருளுக்கு நடுவுல செருகுற ரப்பர் பஃபர் விக்கிறாங்களே, அது வண்டியைத் தூக்கிக் காட்டும், நோயைத் தீர்க்காது. எங்க வீட்டு மாருதி 800-ல நான் அதைப் போட விடலை.

800 மாதிரி பழைய சின்ன காரை எடுத்துக்கிட்டா, பின்பக்க வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில முடியும். அங்கே ஷாக் தனி, ஸ்ப்ரிங் தனி. முந்தின ராத்திரியே போல்ட்டுகள்ல துரு நீக்கும் ஸ்ப்ரே அடிச்சு ஊற விடுங்க. ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். அதைத் தூக்கினா பிரேக்கே இல்லை. முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஃபர்ஸ்ட் கியர்ல போட்டு, பாடியை ஸ்டாண்டுல நிறுத்துங்க. ஜாக்கியை மட்டும் நம்பியோ ஹாலோ பிளாக் அடுக்கியோ கீழே படுக்கவே கூடாது. இன்னொரு ஜாக்கியை ஆக்சிலுக்கு அடியில் கொடுத்த பிறகுதான் ஷாக் போல்ட்டைக் கழற்றணும். ஏன்னா பின்பக்கம் ஆக்சில் எவ்வளவு தூரம் தொங்கலாம்னு பிடிச்சு வெச்சிருக்கிறதே ஷாக்தான். ஸ்ப்ரிங்கையும் மாத்தணும்னா அந்த ஜாக்கியை மெதுவா இறக்குங்க. பிரேக் ஹோஸ் இழுபடக் கூடாது.

முன்பக்கம்தான் ஆள் காலி பண்ற இடம். மெக்பெர்சன் ஸ்ட்ரட்டில் ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் ஒரே கூட்டு. பானெட்டைத் திறந்தா ஸ்ட்ரட் தலையில் ஓரமா சில நட்டும், நடுவில் ஒரு பெரிய நட்டும் தெரியும். ஓர நட்டுகள் ஸ்ட்ரட்டைப் பாடியோட பிடிக்குது. நடு நட்டு, அமுங்கிக் கிடக்கிற ஸ்ப்ரிங்கைப் பிடிக்குது. அதைக் கம்ப்ரஸர் இல்லாம கழற்றினா ஸ்ப்ரிங் மொத்த பலத்தோட வெளியே பாயும்.

எவ்வளவு பலம்? ஒரு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் விறைப்புள்ள ஸ்ப்ரிங்கை 100 மி.மீ. அமுக்கினதா கணக்கு போடுங்க. விசை 2000 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோ எடை. சேமிச்ச ஆற்றல் 100 ஜூல். ஒரு கிலோ சுத்தியலை 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஹாஸ்டல் மூணாவது மாடியிலிருந்து, கீழே நிக்கிறவன் தலையில போடுறதுக்குச் சமம். சில இடங்கள்ல கயிறோ கட்டுக்கம்பியோ சுத்தி இதைக் கழற்றுவாங்க. அதைப் பார்த்துக் கத்துக்க வேண்டாம்.

என் யோசனை இதுதான்: ஸ்ட்ரட்டை வீட்டிலேயே முழுசா இறக்குங்க. கீழே நக்கிள் போல்ட், பிரேக் ஹோஸ் கிளிப், மேலே ஓர நட்டுகள், அவ்வளவுதான். நக்கிள் எங்க உட்கார்ந்திருக்குன்னு மார்க்கர்ல கோடு போட்டுக்கங்க. பிறகு ஸ்ட்ரட்டைப் பையில போட்டு ஸ்ப்ரிங் பிரஸ் இருக்கிற ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போங்க. பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர், மேல் மவுண்ட் எல்லாத்தையும் அப்பவே மாத்திடணும். ஸ்ப்ரிங்கோட முனை, சீட்டில் இருக்கிற படியில் சரியாகப் போய் உட்கார்ந்திருக்கான்னு வாங்கும்போதே பார்த்துடுங்க. ஒரு பக்கம் மட்டும் மாத்துறது வேண்டாம். ஷாக்கும் ஸ்ப்ரிங்கும் ஆக்சிலுக்கு ஜோடி ஜோடியாத்தான்.

மாட்டும்போது ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தொங்கிட்டு இருக்கும்போது முழுசா இறுக்காதீங்க. இறுக்கினா, வண்டி தரைக்கு வந்ததும் புஷ் முறுக்கிக்கிட்டே கிடந்து சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் எடை வாங்கின பிறகு கடைசி இறுக்கு, மேனுவல்ல இருக்கிற டார்க்குக்கு. அப்புறம் நேரா வீல் அலைன்மென்ட் கடைக்கு ஓட்டிட்டுப் போங்க. 100 கிலோமீட்டர் ஓடினதும் ஸ்பேனரோட ஒரு தடவை கீழே குனிஞ்சு பாருங்க.