கஜானா காலி... சிக்கனம் யார் தலையில்? ஓட்டு கேட்டு வர்றவங்க முழுசா சொல்லாத கணக்கு!

திருவண்ணாமலை:-

தேர்தல் வந்துட்டா தேரடி வீதியில் மைக் கட்டிய ஆட்டோக்களுக்குப் பஞ்சம் இருக்காது. ஒரு வேட்பாளர் "அதைத் தருவேன், இதைத் தருவேன்" என்பார். இன்னொருத்தர் "கஜானா காலி, கடன் கழுத்தை நெரிக்குது, நான் வந்தா வரவுக்குள்ள செலவு செய்வேன்" என்பார்.

இரண்டாவது பேச்சுக்குக் கைதட்டல் கம்மி. ஆனால் அதில் விஷயம் இருக்கு.

கிரிவலப் பாதையில் டிபன் கடை வைத்திருப்பவர் கிரைண்டர் வாங்கக் கடன் வாங்கினால் தப்பில்லை. மாவு அரைத்து, இட்லி விற்று அடைத்துவிடலாம். தினமும் அரிசி, பருப்பு வாங்கவே கடன் வாங்கினால்? கடை எத்தனை நாள் ஓடும்? அரசாங்கத்தில் இதற்குப் பெயர் வருவாய்ப் பற்றாக்குறை. சம்பளம், பென்ஷன், பழைய கடனுக்கு வட்டி, மானியம் என்று அன்றாடச் செலவுக்கே வரி வருமானம் போதாமல் கடன் வாங்குவது. நிதிப் பற்றாக்குறை என்பது கிரைண்டர், அரிசி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு துண்டு விழுகிறது என்ற கணக்கு.

மத்திய அரசு மாதிரி மாநில அரசு நோட்டு அடிக்க முடியாது. கடன் வாங்கவும் டெல்லி சம்மதிக்கணும். அதனால் வழி மூணுதான். செலவை வெட்டணும், வரியைக் கூட்டணும், இல்லேன்னா டெல்லி விட்ட அளவுக்குக் கடன் வாங்கணும்.

ராஜாஜி போட்ட கணக்கு

வரவுக்குள் செலவு என்று தமிழ்நாட்டில் உரக்கச் சொன்னவர் ராஜாஜி. 1959ல் சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். வலதுசாரி கட்சி என்று பெயர் வாங்கிய கட்சி அது. அரசாங்கம் எல்லாத்திலும் மூக்கை நுழைக்கக் கூடாது, ஜனங்க மேல வரியை ஏத்தக் கூடாது, பற்றாக்குறை பட்ஜெட் போட்டால் விலைவாசி ஏறும் என்பது அவர் வாதம்.

அதே ராஜாஜி 1937ல் சென்னை மாகாண பிரதமர் ஆனதும் சேலத்தில் மதுவிலக்கு கொண்டு வந்தார். 1939ல் அது வட ஆற்காடு மாவட்டத்துக்கும் வந்தது. நம்ம திருவண்ணாமலை அப்போ அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. சாராய வரி போச்சு. ஈடுகட்ட 1939ல் பொது விற்பனை வரி போட்டார். சிக்கனக்காரர் ஆட்சியிலும் ஒரு பக்கம் விட்டதை இன்னொரு பக்கம் பிடிக்க வேண்டியிருந்தது. 1967 தேர்தலில் இதே சுதந்திரா கட்சி, ரூபாய்க்கு 3 படி அரிசி என்று சொன்ன தி.மு.க.வோடு கூட்டணி வைத்தது தனிக்கதை.

வெட்டு விழுந்த வருஷங்கள்

பேச்சு செயலாக மாறினால் என்ன ஆகும் என்பதை 2001 முதல் 2004 வரை ஜனங்க நேரில் பார்த்தாங்க.

2001ல் அ.தி.மு.க. ஆட்சிக்கு வந்ததும் நிதி அமைச்சர் பொன்னையன் வெள்ளை அறிக்கை வெளியிட்டார். கஜானாவில் பணம் இல்லை என்றார். அந்த வருஷமே பஸ் கட்டணம் ஏறியது. மாதம் 5 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ள குடும்பங்களின் ரேஷன் கார்டில் 'எச்' முத்திரை விழுந்து, அவர்களுக்கு ரேஷன் அரிசி நின்றது. விவசாய பம்ப்செட்டுக்கு இலவச கரண்ட் போனது. 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த அரசு ஊழியர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது என்றாகிவிட்டது.

சலுகைகளைப் பறித்ததை எதிர்த்து 2003 ஜூலையில் அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் ஸ்டிரைக் செய்தாங்க. எஸ்மா பாய்ந்தது. சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் வேலை போனது. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை இல்லை என்று ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. ஆனாலும் பெரும்பாலானவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டனர்.

அதே வருஷம் நிதிப் பொறுப்புடைமைச் சட்டமும் வந்தது. துண்டு விழுவதற்கு வரம்பு கட்டிய சட்டம். பற்றாக்குறை படிப்படியாகக் குறைந்து, 2005-06ல் வருவாய்க் கணக்கில் உபரியே வந்தது. ஆக, கணக்குப்படி மருந்து வேலை செய்தது.

ஆனால் ஓட்டுப் பெட்டி வேற மாதிரி பேசியது. 2004 பாராளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதியிலும் அ.தி.மு.க. கூட்டணி தோற்றது. முடிவு வந்த சில நாளிலேயே இலவச கரண்ட் திரும்பியது, 'எச்' முத்திரை ரத்தானது.

டாஸ்மாக் காசு

இந்தக் கதையில் பலர் விட்டுவிடும் பக்கம் ஒன்று உண்டு. 2003 நவம்பரில் மதுக்கடை சில்லரை விற்பனை மொத்தமும் டாஸ்மாக் கைக்கு வந்தது. 2003-04ல் இதன் மூலம் அரசுக்கு வந்தது சுமார் 3,640 கோடி ரூபாய். 2022-23ல் 44 ஆயிரம் கோடியைத் தாண்டிவிட்டது. கொத்தனார், சுமைதூக்குபவர், ஆட்டோ ஓட்டுபவர் கூலியில் ஒரு பங்கு அப்படியே கஜானாவுக்குப் போகுது. செலவை வெட்டுவேன் என்று சொல்லும் வேட்பாளர் யாரும் இந்த வரவைப் பற்றிப் பேசுவதே இல்லை. கஜானா ஜாமீனில் நிற்பதே இந்தக் காசில்தான் என்றால் மிகையில்லை.

மீண்டும் வெள்ளை அறிக்கை

2013-14ல் இருந்து மறுபடி வருவாய்ப் பற்றாக்குறை தலைதூக்கியது. 2021 ஆகஸ்டில் தி.மு.க. அரசின் நிதி அமைச்சர் பழனிவேல் தியாகராஜன் இன்னொரு வெள்ளை அறிக்கை வைத்தார். ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2 லட்சத்து 63 ஆயிரத்து 976 ரூபாய் கடன் இருப்பதாகச் சொன்னார். கட்சி வேறு, பாட்டு ஒண்ணுதான். 2022ல் சொத்து வரியும் கரண்ட் கட்டணமும் உயர்ந்தன.

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய் தொடங்கியது. அதிலும் சல்லடை இருந்தது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2½ லட்சத்துக்குள் இருக்கணும், கரண்ட் 3,600 யூனிட்டுக்கு மேல் போகக்கூடாது. மனு தள்ளுபடியான பெண்கள் 30 நாளுக்குள் இ-சேவை மையத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டியிருந்தது. 'எச்' முத்திரை காலத்தில் ரேஷன் கடை வாசலில் நடந்த அதே தகராறு, இந்த முறை கம்ப்யூட்டர் முன்னாடி நடந்தது.