ஏழையின் பங்கு: உங்களுக்குத் தெரியுமா?

* வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்கக் கூடாது, சிந்திய கதிரைத் திரும்பப் பொறுக்கக் கூடாது என்பது பழைய இஸ்ரவேலரின் சட்டம், விவிலியத்தின் லேவியராகமத்தில் இருக்கிறது. அவை ஏழைக்கும் பரதேசிக்கும் உரியவை. பிழைக்க வந்த மோவாபிய விதவை ரூத், போவாஸின் வயலில் கதிர் பொறுக்கித்தான் மாமியாரையும் காப்பாற்றினாள். தாவீது அரசர் அவளுடைய கொள்ளுப்பேரன்!

* ஜகாத் என்னும் கட்டாயக் கொடையைப் பெறத் தகுதியானவர்கள் எட்டு வகையினர் என்கிறது குர்ஆன். கடனில் மூழ்கியவரும் அதில் உண்டு, அடிமைத் தளையிலிருந்து மீட்கப்பட வேண்டியவரும் உண்டு. நோன்புப் பெருநாள் தொழுகைக்கு முன்பே பித்ரா என்னும் தர்மத்தைக் கொடுத்துவிட வேண்டும். அன்று ஏழை வீட்டிலும் உலை கொதிக்க வேண்டுமே!

* காஷ்மீர் பண்டிதர்கள் சீக்கியர்கள் அல்லர். ஆனாலும், அவர்களின் சமய உரிமைக்காக 1675-ல் டெல்லியில் தலையைக் கொடுத்தார் குரு தேக் பகதூர் என்பது சீக்கியர் மரபு. இன்னொரு மதத்தாருக்காக உயிர்விடுவதைவிடப் பெரிய பக்தி எது?

* எல் சால்வடோரில் 1977-ல் ஆஸ்கார் ரொமேரோ பேராயரானபோது, வம்புதும்புக்குப் போகாதவர் என்றே பலரும் நினைத்தார்கள். சில வாரங்களில், ஏழை விவசாயிகளோடு நின்ற அவருடைய நண்பர் பாதிரியார் ருட்டிலியோ கிராண்டே சுட்டுக்கொல்லப்பட்டார். அதன்பின் ரொமேரோ வாய்மூடி இருக்கவில்லை. கொல்லப்பட்டவர்கள், காணாமல் போனவர்களின் பெயர்களை ஞாயிற்றுக்கிழமை மறையுரையில் வாசித்தார். வானொலியில் நாடே கேட்டது. 1980 மார்ச் 23 அன்று, சொந்தச் சகோதரர்களைக் கொல்லச் சொல்லும் உத்தரவுக்குக் கீழ்ப்படியாதீர்கள் என்று சிப்பாய்களிடம் மன்றாடினார். மறுநாள் மாலை, தான் தங்கியிருந்த புற்றுநோய் மருத்துவமனையின் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றும்போது சுட்டுக்கொல்லப்பட்டார். 2018-ல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அந்நாட்டு ஏழைகள் அதற்கு வெகுகாலம் முன்பே அப்படித்தான் அழைத்துவந்தார்கள்.

* பொற்கோயிலின் லங்கர் என்னும் பொதுப் பந்தியில் கோடீஸ்வரரும் கூலிக்காரரும் ஒரே வரிசையில் தரையில்தான் உட்கார வேண்டும். பக்கத்தில் இருப்பவரின் சாதியை யாரும் கேட்பதில்லை.

* வடலூர் தருமசாலையில் 1867 மே 23 அன்று வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்றும் எரிகிறது. அவர் மறைந்து இரண்டே ஆண்டில் தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தையே சூறையாடியது; அதையும் தாண்டி வந்த அடுப்பு அது. சாதி, மதம் கேளாமல் அங்கே சோறு போடுகிறார்கள். அடுத்தமுறை வடலூர்ப் பக்கம் போனால், உங்களால் முடிந்த அரிசியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டும் வாருங்கள்.