தேவையா, ஆசையா? பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது

2022 ஆகஸ்டில் டொலர் தட்டுப்பாட்டினால் அரசாங்கம் 300 வகைப் பொருட்களின் இறக்குமதியைத் தற்காலிகமாக நிறுத்தியது. சொக்லேட், வாசனைத் திரவியம், அழகுசாதனப் பொருட்கள் எல்லாம் அதில் அடங்கின. எது இல்லாமல் சமாளிக்கலாம் என்று ஒரு நாடே பட்டியல் போட வேண்டி வந்தது. அந்தப் பட்டியலைப் போடும் பழக்கம் ஆறேழு வயதிலேயே வந்துவிட்டால், நாளை ஆசைக்காகக் கடனில் விழும் ஆபத்து குறையும்.

இந்தப் பாகுபாடு நமக்குப் புதியதல்ல. 1388இல் மறைந்த இமாம் ஷாதிபி, அல்-முவாஃபகாத் என்ற நூலில் மனித நலன்களை மூன்று படிகளாக விளக்குகிறார். ளரூரிய்யாத் இல்லாவிட்டால் வாழ்வே குலையும். ஹாஜிய்யாத் இல்லாவிட்டால் சிரமம் வரும். தஹ்ஸீனிய்யாத் வாழ்வை அழகாக்கும். மூன்றாவது படியை அவர் ஒதுக்கிவிடவில்லை, கடைசியில் வைத்தார். ஆகவே ஆசைப்படுவதே தவறு என்று பிள்ளையிடம் சொல்லத் தேவையில்லை. அதன் இடம் எது என்று காட்டினால் போதும்.

ஆரம்ப வகுப்புகளில் கற்பிக்கும் எனது அனுபவத்தில், வரைவிலக்கணம் பிள்ளைகளுக்கு உதவுவதில்லை. ஒரே பொருளுக்குள் இரண்டும் கலந்திருப்பதே காரணம். பாடசாலைக்குச் சப்பாத்து தேவை. நடக்கும்போது வெளிச்சம் அடிக்கும் சப்பாத்து ஆசை. "இது இல்லாவிட்டால் நாளைக்கு என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். பிள்ளை தானாகவே பிரித்துச் சொல்லும்.

கடைக்குப் போகுமுன் பிள்ளையோடு சேர்ந்து பட்டியல் எழுதுங்கள். அதில் பிள்ளையின் ஆசைக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். 200 ரூபா என்றால், அதற்குள் தெரிவு செய்வது பிள்ளையின் பொறுப்பு. முடிந்தபின் மேலதிகமாகக் கொடுத்தால் பாடமும் அத்தோடு முடிந்துவிடும்.

பட்டியலில் இல்லாததைக் கேட்டால், ஒரு தாளில் எழுதி ஒரு வாரம் வையுங்கள். பல ஆசைகள் அதற்குள் மறந்துபோகும். மறக்காததற்குச் சேமிக்கப் பழக்கலாம்.

காசை வைத்துக்கொண்டு "காசில்லை" என்று சொல்லாதீர்கள். அடுத்த கடையில் நாம் காசை எடுக்கும்போது பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கும். "இது கரண்ட் பில்லுக்கு வைத்த காசு மகன்" என்று சொல்லுங்கள். உண்மையைச் சொன்னால் குடும்பச் செலவும் பிள்ளைக்குப் புரியும்.

பெருநாள் உடுப்புக்காக நகையை அடகு வைக்கும் வீட்டில் இந்தப் பாடம் எடுபடாது. உம்மாவும் வாப்பாவும் தமக்கு வாங்குவதையும் அதே பட்டியலில் எழுதி, எது தேவை, எது ஆசை என்று பிள்ளையின் முன்னிலையில் பிரிக்க வேண்டும்.